மாடித்தோட்டமும் நிட்டிங்கும்: இருக்கும் நேரத்தை எப்படிப் பிரிப்பது?

"செடியும் வளர்க்கணும், ஆரம்பித்த ஸ்வெட்டரையும் முடிக்கணும். வேலைக்கும் போகிறேன். எதற்கு எப்போது நேரம் ஒதுக்குவது?" இந்தக் கேள்வி பல வடிவங்களில் வந்துகொண்டே இருக்கிறது. கேட்பவர்கள் வீட்டு நிலைமையும் ஏறக்குறைய ஒன்றுதான். பின்பக்கம் முடிந்து முன்பக்கம் பாதியில் நிற்கும் ஸ்வெட்டர் ஒரு பையில் கிடக்கிறது. மாடியில் வெண்டைக்காய் முற்றிப்போய்த் தொங்குகிறது. நேரம் போதவில்லை என்கிறார்கள். இருக்கிற நேரத்தைத் தப்பான அளவில் துண்டு போட்டுவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கணக்குப் பார்க்க வசதியாக ஒரு வீட்டை வைத்துக்கொள்வோம். சென்னை, திருச்சி, மதுரை போன்ற சமவெளி ஊர். மொட்டைமாடியில் இருபது வளர்ப்புப் பைகள்: கத்தரி, தக்காளி, மிளகாய், வெண்டை, இரண்டு மூன்று கீரை, பந்தலில் ஒரு புடலையோ பீர்க்கோ. ஊசியில் ஒரு பெரியவர் ஸ்வெட்டர், அல்லது ஒரு குழந்தைத் தொப்பியும் காலுறையும். எல்லாம் சேர்த்து வாரத்துக்கு ஏழெட்டு மணி நேரம் கையில் இருக்கிறது.

## எதை வைத்து எடை போடுவது

எத்தனை நாள் காத்திருக்கும்? முதலில் கேட்க வேண்டியது இதுதான். 12 அங்குலப் பையில் இருக்கும் தக்காளிச் செடி சித்திரை வெயிலில் ஒரு நாள் தண்ணீர் இல்லாமல் தாங்காது. சில நாட்களில் காலை, மாலை இரண்டு வேளையும் ஊற்ற வேண்டியிருக்கும். வெண்டைக்காயை மூன்று நாள் விட்டால் நார் ஓடிவிடும். அதைவிட முக்கியம், முற்றிய காயைச் செடியிலேயே விட்டால் அடுத்த பூக்கள் குறையும். செடிச்சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சிக்கு ஆண் துணைகூடத் தேவையில்லை, நேரடியாகக் குட்டி போடும். இன்று பிறந்தது வெயில் காலத்தில் ஒரு வாரம் பத்து நாளில் தானும் குட்டி போட ஆரம்பித்துவிடும். நூலுக்கு இந்த அவசரம் எதுவும் கிடையாது. மூன்று மாதம் பையில் கிடந்தாலும் ஸ்வெட்டர் அதே வரிசையில்தான் நிற்கும்.

விட்ட இடத்தைப் பிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? இதில் நிலைமை தலைகீழ். செடியிடம் போனால் என்ன செய்ய வேண்டும் என்று அதுவே காட்டும்: இலை துவண்டிருக்கும், தண்டில் எறும்பு வரிசையாக ஏறும், காய் பறிக்கும் பருவத்தில் இருக்கும். நிட்டிங் அப்படியில்லை. எந்த வரிசை, இது நிட்டா பர்லா (நேர்ப்பின்னலா, எதிர்ப்பின்னலா), கைக்குழிக்கு எத்தனை கண்ணி (ஊசியில் நிற்கும் வளையம்) குறைத்தோம் என்று கண்டுபிடித்தாக வேண்டும். துளைத்துளையான லேஸ் டிசைனாக இருந்தால் ஒரு கண்ணி தவறினாலும் அடுத்த வரிசை மொத்தமும் தள்ளிப்போகும். நீண்ட இடைவெளி விட்டுத் தொடங்கினால் கையின் இறுக்கமும் மாறியிருக்கும். விட்ட இடத்தில் ஒரு கோடு மாதிரி வித்தியாசம் தெரியும்.

ஒரு தடவைக்கு எவ்வளவு நேரம் உட்கார்ந்தால் பலன் உண்டு? இதற்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். நடுத்தரத் தடிமன் நூலில் 10 செ.மீ. அகலத்துக்கு 22 கண்ணி, 10 செ.மீ. நீளத்துக்கு 30 வரிசை என்று வைப்போம். 100 செ.மீ. மார்புச் சுற்றளவுக்கு ஒரு சுற்றில் 220 கண்ணி. 60 செ.மீ. நீளத்துக்கு 180 சுற்று. உடல் பகுதிக்கு மட்டும் 39,600 கண்ணிகள். இரண்டு கைகளையும் சேர்த்தால் 55,000 அளவில் வரும். நிதானமாகப் பின்னுபவர் நிமிடத்துக்கு 25 கண்ணி போடுவார் என்றால் மொத்தம் 35 மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

இப்போது இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறம் கிடைக்கும் கால் மணி நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பையைத் திறந்து, நூல் சிக்கலை எடுத்து, விட்ட இடத்தைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போய்விடும். மீதி பத்து நிமிடத்தில் 250 கண்ணி. அதாவது ஒரே ஒரு சுற்றும் கொஞ்சமும். மூன்று மணி நேரம் ஒரே மூச்சில் உட்கார்ந்தால் 20 சுற்று, கிட்டத்தட்ட ஏழு செ.மீ. கண்ணால் பார்க்கக்கூடிய வளர்ச்சி.

தோட்டத்தில் அதே கால் மணி நேரம் மிகப் பெரிய நேரம். இருபது பைக்குத் தண்ணீர் விட்டு, நாலைந்து இலைகளைத் திருப்பிப் பார்த்து, ஒரு கை வெண்டையும் பறித்துவிடலாம்.

கை. பலரும் யோசிக்காதது. மண்ணும் தென்னைநார்க்கழிவும் தோலை வறட்டும். சொரசொரப்பான விரல் மெல்லிய அக்ரிலிக் நூலில் மாட்டி இழை இழையாக இழுக்கும். இன்னொன்று, கத்தரிக்கோலால் கவாத்து செய்வதும் ஊசி பிடிப்பதும் ஒரே கட்டைவிரலுக்கும் மணிக்கட்டுக்கும் வேலை கொடுக்கின்றன. ஒரே நாளில் இரண்டையும் அளவு மீறிச் செய்தால் கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டில் வலி வரும். அதை அலட்சியம் செய்யக் கூடாது. ஒரு மாதம் இரண்டு வேலையும் நிற்கும்.

பருவம், பணம், கெடு. ஆடிப்பட்டமும் தைப்பட்டமும் நமக்காகத் தள்ளிப்போகாது. வளைகாப்புக்கோ பிறந்தநாளுக்கோ கொடுக்க வேண்டிய ஸ்வெட்டரும் அப்படியே. பணம் ஒவ்வொரு வழியிலும் வேறு வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது. அதை அந்தந்த இடத்திலேயே சொல்கிறேன்.

## வழி 1: தினமும் இரண்டும்

காலை கால் மணி நேரம் மாடி, இரவு அரை மணி நேரம் ஊசி.

காத்திருப்பு என்ற அளவுகோலில் இது நன்றாகத் தேறும். செடி எதுவும் விட்டுப்போகாது. நிட்டிங்கிலும் தினமும் தொடுவதால் இறுக்கம் மாறாது, டிசைன் மனதில் நிற்கும். வீட்டில் தினசரி ஒழுங்கு அமைந்தவர்களுக்கு இதைவிட நிம்மதியான வழி இல்லை.

ஆனால் இது சின்ன வேலைகளுக்கு மட்டும் பொருந்தும். பச்சிளங்குழந்தைத் தொப்பி 76 கண்ணி, 45 சுற்று என்று வைத்தால் 3,400 கண்ணிகள்தான், இரண்டரை மணி நேரத்துக்குள் முடியும். தினம் அரை மணி என்றால் ஒரு வாரத்தில் கையில் தொப்பி. அதே அரை மணியில் பெரியவர் ஸ்வெட்டர் என்றால் மூன்று மாதத்துக்குக் குறையாது. அதற்குள் ஆர்வம் போய்விடும்.

மறைவான செலவு, மனத்தளர்ச்சி. ஒரு நாள் விருந்தாளி வருகிறார், அடுத்த நாள் காய்ச்சல். இரண்டு நாள் விட்டதும் தொடர்ச்சி அறுந்துவிட்டது என்று முழுதுமாக நிறுத்திவிடுபவர்கள் நிறைய. ஊசியைத் தினமும் என்று நினைப்பதைவிட வாரத்துக்கு ஐந்து நாள் என்று வைத்துக்கொள்வது நல்லது.

கைக்குழந்தை வைத்திருப்பவர்களும், படுக்கையில் இருக்கும் பெரியவரைப் பார்த்துக்கொள்பவர்களும் இந்த வழியையே எடுப்பார்கள், வேறு வழியும் இருக்காது. அவர்களுக்கு ஒன்று சொல்வேன்: இரண்டு ஊசி நிட்டிங்கை ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரே கொக்கி ஊசியால் போடும் குரோஷாவுக்கு மாறுங்கள். நிட்டிங்கில் ஒரு வரிசையின் எல்லாக் கண்ணியும் ஊசியில் உயிரோடு நிற்கும், குழந்தை இழுத்தால் அத்தனையும் கழன்றுவிடும். குரோஷாவில் ஒவ்வொரு கண்ணி முடிந்ததும் கொக்கியில் நிற்பது ஒரே ஒரு வளையம். அழைப்புமணி அடித்ததும் அப்படியே வைத்துவிட்டு எழுந்து போகலாம். சதுரம் சதுரமாகப் போட்டு, பிற்பாடு இணைத்துப் போர்வையாக்கலாம்.

## வழி 2: வாரநாளில் பின்னல், ஞாயிறு தோட்டம்

பெரும்பாலோர் யோசிக்காமலே விழும் வழி இது. காரணம் புரிகிறது. நிட்டிங் சோபாவில் உட்கார்ந்து செய்வது, அதனால் களைத்து வந்த மாலைக்கு ஏற்றதாகத் தெரிகிறது. தோட்டம் குனிந்து நிமிரும் வேலை, அதனால் விடுமுறை நாளுக்குத் தள்ளப்படுகிறது.

மேலே சொன்ன அளவுகோல்களில் வைத்துப் பாருங்கள். அடிக்கடி பார்க்க வேண்டியதற்கு வாரம் ஒரு தடவை. நீண்ட நேரம் உட்கார வேண்டியதற்குத் தினம் கால் மணி நேரத் துண்டுகள். இரண்டுக்கும் எதிர்மாறான பங்கு கிடைக்கிறது. ஆறு நாள் மாடிக்கே போகாமல் ஞாயிறு காலை ஏறினால், முதல் ஒரு மணி நேரம் சேதத்தைச் சரி செய்வதிலேயே போய்விடும்: மாவுப்பூச்சி பிடித்த கிளையை வெட்டு, வாடியதைப் பிடுங்கு, முற்றிய காயை விதைக்கு விடு. புதிதாக விதைக்க நேரம் இருக்காது. தோட்டம் அதே இடத்திலேயே நிற்கும்.

இந்த ஓட்டையை அடைக்கச் சொட்டுநீர் டைமர் வாங்குகிறார்கள். அதிலும் கவனம் வேண்டும். மாடித் தண்ணீர்த்தொட்டி பைகளைவிட ஓரிரு மீட்டர் உயரத்தில்தான் இருக்கும், தண்ணீர் அழுத்தம் மிகக் குறைவு. சாதாரண சோலினாய்டு (மின்காந்த வால்வு) டைமர் அந்த அழுத்தத்தில் சரியாகத் திறக்காது. அழுத்தமே இல்லாவிட்டாலும் வேலை செய்யும் பந்து வால்வு வகையைக் கேட்டு வாங்க வேண்டும். அப்படி வாங்கினாலும் அது தண்ணீர் மட்டும்தான் விடும். இலையைத் திருப்பிப் பார்க்காது.

சரி, இது யாருக்கும் ஆகாதா? இரண்டு பேருக்கு இதுதான் சிறந்தது. ஒருவர், தினமும் ரயிலிலோ பேருந்திலோ முக்கால் மணி, ஒரு மணி நேரம் உட்கார்ந்து போய் வருபவர். அவருக்கு வாரநாளில்தான் நீளமான நேரம் கிடைக்கிறது. காலுறை, தொப்பி, கையுறை போன்ற கையடக்க வேலைகள் பயணத்திலேயே முடிந்துவிடும். இன்னொருவர், மாடியில் கறிவேப்பிலை, கற்பூரவல்லி, பிரண்டை, தூதுவளை, மருதாணி, பெரிய தொட்டியில் எலுமிச்சை என்று நின்று வளரும் செடிகளை மட்டும் வைத்திருப்பவர். நல்ல டைமர் போட்டுவிட்டால் இந்தத் தோட்டம் ஒரு வாரம் பொறுக்கும்.

## வழி 3: வாரநாளில் தோட்டம், ஞாயிறு பின்னல்

வேலைக்குப் போய் வருபவர் என்னிடம் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன்.

திங்கள் முதல் சனி வரை காலையில் கால் மணி நேரம் மாடி. வெயில் ஏறுமுன் தண்ணீர், பறிப்பு, கண்காணிப்பு. ஞாயிறு காலையில் தண்ணீர் மட்டும். ஒவ்வொரு நாளும் எல்லாப் பையையும் அலச வேண்டாம். திங்கள் கத்தரி, செவ்வாய் தக்காளி என்று வகை பிரித்து இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்தாலே வாரத்துக்கு ஒரு சுற்று முடிந்துவிடும். பூச்சி ஐந்தாறு இருக்கும்போது கையால் நசுக்கினால் போதும். ஐம்பது ஆன பிறகுதான் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து தெளிக்கும் தேவை வரும். அந்தத் தெளிப்பு மாலையில்தான் செய்ய வேண்டும், அதற்கு வாரத்தில் ஒரு மாலை போகும்.

ஞாயிறு மதியம் மூன்று மணி நேரம் முழுக்க நூலுக்கு. மேலே போட்ட கணக்குப்படி ஞாயிறுக்கு 20 சுற்று. ஒன்பது ஞாயிறில் உடல் பகுதி முடியும். கைகளையும் சேர்த்தால் பன்னிரண்டு பதின்மூன்று ஞாயிறு, அதாவது மூன்று மாதம். "வழி 1 கணக்கிலும் மூன்று மாதம்தானே?" என்று கேட்கலாம். அதில் வாரத்துக்கு ஐந்தாறு தடவை தொடங்கி நிறுத்துகிறீர்கள், ஒவ்வொரு தடவையும் சில நிமிடம் தொலைகிறது, வேலைநாள் களைப்பில் கண்ணி தவறுகிறது, அதைப் பிரித்துத் திரும்பப் போடுகிறீர்கள். கழுத்து, தோள், கைக்குழி மாதிரியான இடங்களை இடையூறு இல்லாமல் உட்கார்ந்து போட்டால் பிரித்துப் போடும் வேலையே பெரும்பாலும் வராது.

மறைவான செலவுகள் இதிலும் உண்டு. ஆறு நாள் ஊசியைத் தொடாததால் ஞாயிறு முதல் வரிசை இறுக்கமாகவோ தளர்வாகவோ வரும். தனி நூலில் சின்ன மாதிரித் துண்டு ஒன்றை ஐந்து நிமிடம் போட்டுக் கையைப் பழக்கிவிட்டு ஸ்வெட்டரைத் தொடுவது நல்லது. வரிசையை நடுவில் விட்டு எழாதீர்கள், முடித்துவிட்டு வையுங்கள். நடுவில் விட்டால் அந்த இடத்தில் கண்ணி இழுபட்டுத் தழும்பு விழும். நிறுத்தும்போது ஒரு துண்டுச் சீட்டில் வரிசை எண், ஊசி அளவு, அடுத்து என்ன என்ற மூன்றையும் எழுதி ஊசியோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். லேஸ் வேலையாக இருந்தால் வேறு நிற மெல்லிய நூல் ஒன்றை அந்த வரிசைக் கண்ணிகளின் ஊடே கோத்துவிட்டால், எங்கே தவறினாலும் அதுவரை பிரித்துத் தைரியமாகத் திரும்பி வரலாம்.

இரண்டாவது செலவு: தோட்டத்திலும் சில வேலைகள் கால் மணி நேரத்தில் அடங்காது. மண், தென்னைநார்க்கழிவு, மண்புழு உரம் கலந்து பை நிரப்புவது, பந்தல் கட்டுவது, நாற்று மாற்றுவது. அவற்றுக்கு மாதத்தில் ஒரு ஞாயிறை விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். அந்த ஞாயிறு மண்ணில் கை வைத்தபின் ஊசியைத் தொட வேண்டாம். சர்க்கரையும் தேங்காய் எண்ணெயும் சேர்த்துக் கையைத் தேய்த்துக் கழுவி, ஓர் இரவு விட்டுவிட்டால் விரல் மென்மையாகிவிடும்.

## வழி 4: பட்டம் பார்த்துப் பிரிப்பது

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இதில் நாம் வாரத்தைப் பிரிப்பதில்லை, ஆண்டைப் பிரிக்கிறோம். எந்த மாதம் செடிக்கு நல்லதோ அப்போது நேரத்தில் பெரும்பங்கு தோட்டத்துக்கு; செடிக்கு ஆகாத மாதங்களில் நூலுக்கு. நம் சமவெளியில் அந்த ஆண்டு இப்படி இருக்கும்.

*ஆடி முதல் புரட்டாசி வரை.* தோட்டத்தின் காலம். விதைப்பு, நாற்று, நடவு எல்லாம் இதில். கத்தரி நாற்று 30–35 நாளில் மாற்றலாம், தக்காளி 25 நாளில், மிளகாய்க்கு 40 நாள் வேண்டும். அதனால் மிளகாயை முதலில் விதைத்துவிட்டுப் பத்துப் பதினைந்து நாள் கழித்துத் தக்காளி விதைத்தால், எல்லா நடவும் ஒரே வாரத்தில் முடியும். ஊசியில் இந்த மூன்று மாதமும் ஒரு சின்ன வேலை போதும்.

*ஐப்பசி, கார்த்திகை.* வடகிழக்குப் பருவமழை. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்துவிடுகிறது. தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை, மாடிக்கு அதிகம் போகவும் முடியாது. பைகளின் அடித்துளை அடைபட்டிருக்கிறதா, நத்தை ஏறியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். மழை மாலைகள் மொத்தமும் நூலுக்கு. பெரிய ஸ்வெட்டரைத் தொடங்க ஆண்டிலேயே சிறந்த நேரம் இது. மடியில் கம்பளி கிடந்தாலும் புழுங்காது.

*மார்கழி முதல் மாசி வரை.* அறுவடையும் தைப்பட்ட விதைப்பும். சென்னை மாடிகளில் தக்காளியும் அவரையும் அழகாகக் காய்ப்பது இந்த மாதங்களில்தான். தினம் பறிப்பு இருக்கும். மறுபடி தோட்டத்துக்குப் பெரும்பங்கு.

*பங்குனி முதல் ஆனி வரை.* வெயில். பகல் 35 டிகிரியைத் தாண்டினால் தக்காளிப் பூ கொட்டிவிடும், இலைச்சாற்றை உறிஞ்சும் செம்பேன் பெருகும். கத்திரி வெயிலில் இருபது பையையும் காப்பாற்றப் போராடுவதைவிட, நிழல்வலைக்கு அடியில் கீரை, வெயில் தாங்கும் வெண்டை, கொத்தவரை என்று ஆறேழு பையாகச் சுருக்கிக்கொள்வது புத்திசாலித்தனம். மற்றப் பைகளின் மண்ணை வெயிலில் காயவிட்டு, உரம் கலந்து ஆடிக்கு ஆயத்தமாக வைக்கலாம். கிடைக்கும் நேரம் நூலுக்கு. ஆனால் மே மாதத்தில் முழு ஸ்வெட்டரை மடியில் போட்டு யாராலும் உட்கார முடியாது. ஸ்வெட்டரின் கைகள், போர்வைக்கான சதுரங்கள், பருத்தி நூலில் பை, துண்டு என்று சிறு துண்டுகளாகப் போடுங்கள். வியர்க்கும் கைக்கு அலுமினிய ஊசியைவிட மூங்கில் ஊசி வசதி. பருத்தி நூல் இழுத்தால் நீளாது, மணிக்கட்டைச் சீக்கிரம் களைப்பாக்கும். அரை மணிக்கு ஒரு தரம் கையை விடுங்கள்.

இந்த வழியின் மறைவான செலவு நூல் கடையில் இருக்கிறது. ஐப்பசியில் தொடங்கிய ஸ்வெட்டரை மார்கழியில் நிறுத்தி, பங்குனியில் எடுக்கும்போது நூல் குறையும். அதே நிறம் வாங்கப் போவீர்கள். நிற எண் ஒன்றாக இருந்தாலும் சாயத் தொகுதி எண் (எந்தத் தடவை சாயம் போட்டது என்பது) வேறாக இருக்கும், இணைத்த இடம் வெயிலில் பளிச்சென்று தெரியும். எனவே இந்த வழியில் போகிறவர்கள் ஆரம்பத்திலேயே ஒரே தொகுதி எண்ணில் ஓர் உருண்டை கூடுதலாக வாங்கி, அட்டைச்சீட்டைக் கிழித்துப் போடாமல் வைத்திருக்க வேண்டும். அசல் கம்பளி என்றால் பூச்சிக்கும் இடம் தராமல் இறுக மூடிய டப்பாவில் போட்டுவையுங்கள். ஊசியிலேயே மாதக்கணக்கில் விட்டால் அந்த வரிசை மடிந்து தடம் விழும். கண்ணிகளை ஒரு நூலில் மாற்றிவிட்டு ஊசியை எடுத்துவிடுவது நல்லது.

ஊர் மாறினால் ஆண்டும் மாறும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் மார்கழி, தை மாதங்களில் பள்ளமான இடங்களில் உறைபனி விழும். அப்போது தோட்டத்தில் வேலை குறைவு, கம்பளிக்குத் தேவை அதிகம். பிரிப்பது தானாகவே அமைந்துவிடும். டொராண்டோவில் இருக்கும் நம்மவர்களுக்கு இன்னும் தெளிவு: மே கடைசியில் நட்டால் அக்டோபர் பனிக்குள் தோட்டம் முடிந்தது, மீதி ஏழு மாதம் ஊசிக்குத்தான். யாழ்ப்பாணத்தில் மழைக்காலம் நம்மோடு ஒத்துப்போவதால் மேலே சொன்னதைக் கொஞ்சம் முன்பின் நகர்த்திக்கொண்டால் சரி.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | தினமும் இரண்டும் | வாரநாள் பின்னல், ஞாயிறு தோட்டம் | வாரநாள் தோட்டம், ஞாயிறு பின்னல் | பட்டம் பார்த்து |
|---|---|---|---|---|
| செடி காத்திருக்க வேண்டிய நாள் | 1 | 6–7 | 1 | 1. வெயிலில் பையே குறைவு |
| நூலில் தொடர்ச்சி | நல்லது | நல்லது, ஆனால் துண்டு துண்டு | வார இடைவெளி | மாத இடைவெளி |
| ஏற்ற பின்னல் | தொப்பி, குரோஷா சதுரம் | பயணத்தில் முடியும் சின்ன வேலை | ஸ்வெட்டர், லேஸ் | ஸ்வெட்டர், போர்வை |
| ஏற்ற தோட்டம் | 10–12 பை | நின்று வளரும் செடிகள் | 20 பை வரை | 20 பைக்கு மேலும் |
| கைக்கு | அளவோடு செய்தால் பாதகமில்லை | ஞாயிறு முழுக்க மண், திங்கள் ஊசி: சிரமம் | நல்லது | மிக நல்லது |
| மறைவான செலவு | விட்டால் முழுதும் நிற்கும் | டைமர், செடி இழப்பு | மாதம் ஒரு ஞாயிறு | கூடுதல் நூல், பாதுகாப்பு |
| கெடு வைத்த வேலைக்கு | சின்னதென்றால் சரி | சின்னதென்றால் சரி | மிகச் சரி | கெடு பருவத்தோடு பொருந்தினால் மட்டும் |

வழி 3, வழி 4 இரண்டுக்கும் நடுவில் தடுமாறுபவர்கள் கடைசி வரியைப் பாருங்கள். ஒரு தேதிக்குள் கொடுக்க வேண்டிய பரிசு இருக்கிறதென்றால் வழி 3. ஞாயிறுக்கு மூன்று மணி என்று பின்னோக்கி எண்ணி, தோட்டத்துக்குப் போகும் ஞாயிறுகளைச் சேர்க்காமல் பதினைந்து வாரம் முன்னதாகத் தொடங்குங்கள். இரண்டு வாரம் கையிருப்பாக இருக்கட்டும். தேதி எதுவும் இல்லை, நல்ல அறுவடையும் ஆண்டுக்கு ஒரு பெரிய வேலையும் போதும் என்றால் வழி 4. மாடியில் இப்போதுதான் முதல் தடவையாகப் பை வைக்கிறீர்கள் என்றாலும் வழி 3தான். பட்டத்தைப் புரிந்துகொள்ள ஓர் ஆண்டு தினமும் செடியைப் பார்த்திருக்க வேண்டும்.

## ஏற்கெனவே இரண்டும் பாதியில் நிற்கிறதா?

எந்த வழியை எடுத்தாலும் பழைய பாக்கியைத் தீர்த்துவிட்டுத் தொடங்குங்கள். பின்னலில் ஒன்றுக்கு மேல் பாதியில் இருந்தால், ஒவ்வொன்றையும் எடுத்து, போட்டுக்கொள்ளப் போகிறவரின் இப்போதைய அளவோடு ஒப்பிடுங்கள். குழந்தைக்கு ஆரம்பித்தது அந்தக் குழந்தைக்கு இனி சேராது என்றால் தயங்காமல் பிரித்துவிடுங்கள். பிரித்த நூல் சுருண்டிருக்கும். அதை நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி நனைத்து, கீழ்முனையில் சின்ன எடை ஒன்றைத் தொங்கவிட்டு நிழலில் உலர்த்தினால் ஓரளவு நேராகிவிடும். அக்ரிலிக் நூலில் இஸ்திரிப்பெட்டியை வைக்காதீர்கள், உருகிவிடும். அளவு சரியாக இருப்பதில், முடிக்கக் குறைந்த நேரம் ஆகும் ஒன்றை மட்டும் ஊசியில் விடுங்கள்.

மாடியில் காய்ந்த பைகளைக் கொட்டுமுன் செடியை வேரோடு பிடுங்கிப் பாருங்கள். வேர் சுத்தமாக இருந்தால் மண்ணை உதிர்த்து, நாலு நாள் வெயில் காட்டி, கால் பங்கு மண்புழு உரம் சேர்த்தால் அதே மண் அடுத்த விதைப்புக்கு ஆகும். வேரில் சிறு சிறு முடிச்சுகள் தெரிந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு. அந்த மண்ணில் அடுத்து தக்காளி, கத்தரி, வெண்டை எதையும் வைக்க வேண்டாம். செண்டுமல்லி போடுங்கள், பூ முடிந்ததும் வேரை மண்ணோடு விட்டுக் கிளறுங்கள். மற்ற பைகளில் முதல் வாரம் சிறுகீரையும் முள்ளங்கியும் மட்டும் விதையுங்கள். கீரை 25 நாளுக்குள்ளும் முள்ளங்கி 45 நாளிலும் பறிப்புக்கு வரும். அதற்குள் நாற்றுத்தட்டில் கத்தரி நடவுக்கு நின்றிருக்கும். கீரை பறித்த பைகளில் உரம் சேர்த்து அதை நட்டுவிடலாம்.